துண்டும் ஸ்பேனரும்

புல் வெட்டும் இயந்திரத்தின் தகடு சித்தப்பாவின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே பாய்ந்தபோது ரத்தம் வழியவில்லை. நாடித் துடிப்புக்கு ஏற்ப விட்டுவிட்டுப் பீறிட்டது. தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிக் காயத்தில் வைத்து என் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். இரண்டே நிமிடத்தில் அது ஊறி, என் விரலிடுக்கில் சூடாக இறங்கியது. பக்கத்துக் காட்டிலிருந்து ஓடி வந்த பெரியவர் சாக்குக் கட்டும் சணல் கயிற்றை நீட்டினார். எங்கள் ஊரில் பாம்பு கடித்தால் எடுக்கும் கயிறு அது.

பாம்புக்கடிக்கு அப்படிக் கட்டவே கூடாது என்று மருத்துவர்கள் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ரத்தப்பெருக்குக்கோ அந்தக் கயிறு உதவாது. மெல்லிய கயிறு தசையை அறுக்குமே தவிர ஆழத்தில் ஓடும் தமனியை எளிதில் அடைக்காது. அரைகுறையாக இறுகினால் ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரை மட்டும் அடைபட்டு, தமனி வழியே புது ரத்தம் வந்துகொண்டே இருப்பதால், பெருக்கு கூடவும் செய்யும்.

ஆலையில் பெற்ற முதலுதவிப் பயிற்சி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காயம் மூட்டை ஒட்டி இருந்ததால், முழங்காலைத் தாண்டித் தொடையில், பெரியவரின் துண்டை மூன்று விரல் அகலத்துக்கு மடித்துச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, அதன் மேல் பைக் ஸ்பேனரை வைத்து மறுமுடிச்சும் போட்டு முறுக்கினேன். குச்சி செருகி முறுக்கும் இந்த உபாயம் 1674இல் பெசன்சோன் முற்றுகையின்போதே பிரெஞ்சுப் படை மருத்துவர் எத்தியேன் மொரேல் கையாண்டதாம். சித்தப்பா அலறினார். வலிக்காமல் இறுக்கிய கட்டு பெரும்பாலும் இறுகாத கட்டுதான் என்று பயிற்சியில் சொல்லியிருந்ததால், பீறிடல் நிற்கும் வரை நான் விடவில்லை. நின்றதும், ஸ்பேனர் திரும்பிவிடாதபடி அதைக் கைக்குட்டையால் தொடையோடு கட்டி, காலிலேயே பேனாவால் 4.10 என்று எழுதினேன்.

கால் செத்துவிடும், கால்மணிக்கு ஒருமுறை தளர்த்திவிடு என்று பெரியவர் கெஞ்சினார். பழைய முதலுதவிப் பாடங்கள் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் ஒவ்வொரு தளர்த்தலிலும் மிச்சமிருக்கும் ரத்தம்தான் போகிறது. பாக்தாதில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் 2006இல் இத்தகைய கட்டுடன் வந்த 232 பேரை ஆராய்ந்தபோது, கட்டுப் போட்டதால் மட்டும் கை காலை இழந்தவர் ஒருவரும் இல்லை. ரத்த இழப்பால் உடல் நிலைகுலையும் அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன்பே கட்டுப் போடப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். போன பின் போடப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனையை எட்டிவிட்டால் காலுக்குப் பொதுவாக ஆபத்தில்லை. கழுத்துக்கும் வயிற்றுக்கும் இந்தக் கட்டு செல்லாது. கழுத்தில் கையால் அழுத்துவதுதான் வழி.

108 வண்டி எங்களை ஐந்து மணிக்குச் சேர்த்தது. பணியில் இருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்குக் கட்டினீர்கள் என்பதே. நான் வாய் திறக்கும் முன் அவர் காலில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டார். தையல் ஆறிய பிறகும் சித்தப்பா வருகிறவர்களிடம் வெட்டுத் தழும்பைக் காட்டுவதில்லை. தொடையில் நான் போட்ட கன்றிய தடத்தைத்தான் வேட்டியை விலக்கிக் காட்டி, என்னைப் பற்றிப் புகார் சொல்கிறார்.