தோல் ஆறும் வரை

சேம்பர் மியூசிக் என்பதைத் தமிழில் ‘அறை இசை’ என்று எழுதுகிறார்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் எங்கள் மலையகப் பேச்சில் அதைவிட நெருங்கிய சொல் ஒன்று இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையை நாங்கள் காம்பரா என்கிறோம்; அது போர்த்துக்கேயரின் காமரா என்ற சொல்லிலிருந்து வந்தது, ஆங்கிலேயரின் சேம்பரும் அதே வேரில் கிளைத்தது. ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளில் நாலைந்து பேர் கூடி வாசித்து வளர்ந்த இசைக்கும், ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து உண்டு உறங்கும் எங்கள் காம்பராவுக்கும் சொல்லளவிலாவது உறவு இருப்பதில் எனக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சி உண்டு. வீட்டு வரிசையையும் தாளத்தின் ஓட்டத்தையும் ‘லயம்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இந்த மகிழ்ச்சி இயல்புதானே.

இரண்டு வயலின், வயலினைவிடப் பெரிதான கனத்த குரலுள்ள ஒரு செலோ, தப்பு எனும் ஒரு தோல்பறை ஆகியவற்றுக்காக நான் எழுதிய ‘ஆறும் வரை’ என்ற படைப்பு கடந்த ஐப்பசியில் எங்கள் தோட்டத்து வாசிகசாலையில் வாசிக்கப்பட்டது. அது எப்படி உருவானது என்று கேட்ட நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்பா இறந்தது ஓர் ஆடி மாதம். சாவு வீட்டில் நான் அழவில்லை. கருமாதி முடிந்து உறவினர்கள் தத்தம் தோட்டங்களுக்குத் திரும்பிய பிறகுதான் என் காலைகள் கெட்டுப்போயின. நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடும், எழுந்திருக்கத்தான் முடியாது. நான் இசை கற்பிக்கும் பாடசாலையின் மணி ஏழரைக்கு அடிக்கும். அந்த மூன்று மணித்தியாலமும் கம்பளிக்குள் கண்ணைத் திறந்துகொண்டு, ‘இப்போது எழுந்துவிடுவேன், இப்போது எழுந்துவிடுவேன்’ என்று எனக்கு நானே முணுமுணுத்துக்கொண்டு கிடப்பேன். மருத்துவர் அதற்கு மனச்சோர்வு என்று பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். எட்டு மாதம் விழுங்கினேன், பலனும் இருந்தது. அதைப் பற்றி இங்கே மேலும் எழுதப் போவதில்லை. அந்தக் கிடப்பை இசையாக்க முயன்று நான் இரண்டு முறை தோற்றதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் தோல்வி முகாரி இராகத்தில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் கர்நாடக வயலின் பயின்றவன் துயரத்தை எழுத உட்கார்ந்தால் கை தானாக அங்கேதான் போகும். 22ஆவது மேளமான (தாய் இராகமான) கரகரப்பிரியாவில் பிறந்த அந்த இராகம் ஏறும்போது உயர்ந்த ‘த’வான சதுசுருதி தைவதத்தையும் இறங்கும்போது தாழ்ந்த ‘த’வான சுத்த தைவதத்தையும் தொடுகிறது. ஏறியது ஒரு வழி, இறங்குவது வேறு வழி என்ற அந்த அமைப்பே எனக்குப் போதும் என்று நினைத்தேன். இரண்டு வயலினுக்காக எழுதி ஒரு தோழிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ரொம்ப அழகா இருக்கு” என்றார். அந்தப் பாராட்டு என்னைக் கூச வைத்தது. என் காலைகளில் அழகு எதுவும் இருக்கவில்லை. முகாரியை அழுகைக்கு எழுதி வைத்தது போலப் பேசுவதே பிழை என்பதும் பிறகு உறைத்தது. சபரியின் பாக்கியத்தை எவ்வளவென்று வருணிப்பேன் என்று தியாகராஜர் பூரித்துப் பாடிய ‘எந்தனினே’ கிருதியும் முகாரிதான். துயரம் இராகத்தின் பெயரிலேயே இருந்திருந்தால் அவர் அங்கே மகிழ்ந்திருக்க முடியாது.

இரண்டாவது தோல்வி அதற்கு நேர் எதிரானது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதப்பட்ட நால்வாத்தியப் படைப்புகளை (இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செலோ) அக்காலத்தில் நிறையக் கேட்டேன்: வில்லைத் தந்திகளைத் தாங்கும் மரக் குதிரைக்கு மிக அருகில் வைத்து உராய்வது, வில்லின் மரப்பக்கத்தால் தந்தியைத் தட்டுவது, சுரம் நசுங்கிப்போகும் அளவுக்கு அழுத்துவது. ஜெர்மானிய இசையமைப்பாளரான லாகென்மன் சத்தத்தைச் சத்தமாகவே, அது பிறக்கும் உழைப்போடு சேர்த்துக் கேட்க வைத்தவர். அவற்றால் மயங்கி, ஒரு பக்கத்துக்குப் பத்து வகையான கீறலும் முனகலும் எழுதினேன். கொழும்பிலிருந்து வந்த செலோக்கார நண்பர் அதை வாசித்தபோது, பக்கத்துக் காம்பராவில் ஒரு குழந்தை விழித்து அழுதது. குழந்தையின் அழுகை என் எழுத்தைவிட நன்றாக இருந்தது. எழுதிய தாளை மடித்து வைத்தேன். என் காலைகளில் சத்தமே இல்லையே! வெளியே ஒருவன் பார்த்தால் மனிதன் தூங்குகிறான் என்றுதான் சொல்வான். இந்த ஆரவாரத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

செக் நாட்டு இசையமைப்பாளர் ஸ்மெத்தனா எனக்கு ஒரு வழியைக் காட்டினார். 1874இல் செவிப்புலனை இழந்த அவர் 1876இல் எழுதிய முதல் நால்வாத்தியப் படைப்பின் கடைசிப் பகுதியில், துள்ளி ஓடும் நாட்டுப்புற நடனம் திடீரென்று அறுந்து, முதல் வயலின் மிக உயர்ந்த ‘ஈ’ சுரம் ஒன்றை நீளமாகப் பிடித்து நிற்கிறது. காது போகும் முன் அவர் தலைக்குள் ஓயாமல் கேட்ட ஒலி அது. அங்கே புலம்பல் எதுவும் இல்லை, ஒரே ஒரு சுரம்தான் இருக்கிறது. மற்ற வாத்தியங்கள் அதற்குக் கீழே நடுங்குகின்றன. வரலாறு தெரியாத என் மாணவி ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, “சேர், யாருக்கோ என்னமோ ஆயிடுச்சு” என்றாள்.

எனக்கும் அப்படி ஒரு சுரம் வேண்டியிருந்தது. அது வயலினில் கிடைக்கவில்லை.

எங்கள் தோட்டத்தில் பெரட்டுத் தப்பு நின்று பல வருடங்கள் ஆகின்றன. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: பரேட் என்ற ஆங்கிலச் சொல் எங்கள் வாயில் தேய்ந்து பெரட்டு ஆனது. விடியுமுன் இருட்டில் தப்பு முழங்கும். அதைக் கேட்டு எழுந்து, தேநீரைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் இல்லை, அதாவது அன்றைய சம்பளம் இல்லை. அப்பா தன் சிறுவயதைப் பற்றிச் சொன்ன கதைகளில் பாதி அந்தத் தப்பில்தான் தொடங்கும். எழுந்திருக்க முடியாத ஒருவனைப் பற்றிய இசையில், ஒரு மலை முழுவதையும் எழுப்பிய அடி இல்லாமல் எப்படி என்று தோன்றியது.

தப்படிக்கும் மாமாவைத் தேடிப் போனேன். அவருக்கு அறுபத்தெட்டு வயது. நான் மாமா என்றுதான் அழைப்பேன். அவர் வயதில் பாதிகூட இல்லாதவர்கள் சிலர் இன்னமும் ‘அவன்’ என்று சொல்கிறார்கள். சாவு வீட்டில் முதல் ஆளாகக் கூப்பிடப்படுபவர் கல்யாண வீட்டில் முன் தாழ்வாரமான இஸ்தோப்புக்கு வெளியே நிற்பதை நான் சிறுவனாக இருந்தபோதே பார்த்திருக்கிறேன். வயலினுக்குப் பக்கத்தில் தப்பை வைப்பதா என்று என் உறவினர் ஒருவரே முகம் சுளித்தார். அவருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை.

முதலில் நான் மாமாவிடம் கேட்டது சாவு வீட்டில் அடிக்கும் அடியான சாவடியைத்தான். அப்பாவின் சாவுக்கு அவரே அடித்திருந்தார். அவர் தலையை ஆட்டினார்.

“அது ஆகாது தம்பி. சாவு விழாம சாவடி அடிக்கக் கூடாது. அடிச்சா அது யாரையாச்சும் கேக்கும்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. எதையும் எடுத்து எதிலும் வைக்கலாம் என்ற துணிச்சல் பரிசோதனை இசை எழுதுகிறவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது; அந்தத் துணிச்சலில் பாதி அறியாமை. பெரட்டு அடியை அடிக்கலாமா என்று கேட்டேன். “அதுக்கு என்னா, அடிக்கலாம். அது வேலை அடிதானே” என்று சொல்லி, வாசலில் கவ்வாத்தில் வெட்டிய தேயிலைச் சுள்ளிகளான மிலாறைக் கூட்டிப் பற்றவைத்துத் தப்பைக் காய்ச்சினார். சூட்டில் தோலின் ஈரம் போய் அது இறுகும். இறுகினால்தான் தப்பு பேசும். தடித்த குட்டைக் குச்சியை ஒரு கையிலும் மெல்லிய நீளக் குச்சியை மறு கையிலும் பிடித்து அவர் அடித்தபோது லயத்து நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன.

பிறகு கதை பேசத் தொடங்கிவிட்டோம். பேசிக்கொண்டே அவர் அவ்வப்போது ஓர் அடி தட்டுவார். ஹட்டன் பக்கத்து மலைகள் நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கின்றன. அந்திப் பனி இறங்கியிருந்தது. ஒவ்வோர் அடியிலும் ஒலி சற்றுச் சற்றாகத் தாழ்ந்துகொண்டே போனதை என் காது கவனித்தது. கடைசியில் தப்பு ‘பொத்’தென்று ஈரச் சாக்கைத் தட்டியது போல ஒலித்தது. “ஆறிப்போச்சு” என்றார் மாமா. சூடும் ஆறும், புண்ணும் ஆறும், மனமும் ஆறும் என்று ஒரே வினையால் சொல்லும் மொழியில் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். படைப்பின் பெயரும் அதன் கடிகாரமும் எனக்கு அங்கேதான் கிடைத்தன.

அமைப்பு இதுதான். காய்ச்சிய தப்பு அதன் மிக உயர்ந்த ஒலியில் பெரட்டு அடியை ஒருமுறை முழுதாக அடிக்கும். அதில் கேட்கும் ரீங்காரத்துக்கு மிக நெருங்கிய சுரத்தை முதல் வயலின் பிடித்துக்கொள்ளும், இறுதிவரை விடாது. தோல் ஆற ஆறத் தப்பு தாழும். அது தாழத் தாழ இரண்டாவது வயலின், வலக் கையால் வில்லை இழுத்துக்கொண்டே இடக் கையால் தந்தியை முறுக்கும் பிரடையை மெல்லத் தளர்த்தித் தன் கீழ்த் தந்தியோடு பின்னால் இறங்கும். தரை இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரே உயரத்தில் நிற்பதுதான் முதல் வயலினின் வேலை. தப்பு முழுக்க ஆறிவிட்டது என்று மாமா முடிவு செய்யும் நொடியில் எல்லாரும் நிறுத்த வேண்டும். ஆகவே இதன் நீளம் என் கையில் இல்லை. ஒத்திகையில் வெயில் நாளொன்றில் 14 நிமிடம் போனது, தூறல் விழுந்த நாளில் 9 நிமிடத்தில் முடிந்தது.

முதல் வயலினை நானே வாசிக்கிறேன். ஒரு சுரத்தை அசையாமல் பிடிப்பது எளிது என்று எண்ணுகிறவர்கள் கர்நாடக இசை படித்தவனின் இடக் கையைப் பார்க்க வேண்டும். கமகம் என்ற அசைவு இல்லாத சுரம் சுரமே அல்ல என்று பத்து வருடம் பழக்கப்பட்ட விரல் அது. வெற்றுச் சுரத்தில் நில் என்றால் நடுங்குகிறது. ஆறாவது நிமிடத்தில் வலத் தோள் எரியத் தொடங்கும். அந்த எரிச்சலை நான் எழுதவில்லை, ஆனால் அது ஒலியில் கேட்கிறது. முகாரியிலும் கீறல்களிலும் நான் துன்பத்தை வரைந்து காட்டப் பார்த்தேன். இங்கே அதை வாசிப்பவரின் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

செலோவுக்கு என்ன கொடுப்பது என்பதில்தான் நாள் கடந்தது. செக் நாட்டின் இன்னொருவரான யானாசெக், மனிதர் பேசும்போது எழும் ஏற்ற இறக்கங்களைக் குறிப்பேட்டில் சுரங்களாக எழுதி வைத்தவர். அதே போல, ‘இப்போது எழுந்துவிடுவேன்’ என்று நான் முணுமுணுத்த விதத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து, சுரப்படுத்திச் செலோவுக்குக் கொடுத்தேன். கீழிருந்து ஏறும் சிறு தொடர். உச்சிக்கு ஒரு சுரம் முன்னால் நின்றுவிடும். வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டார். வாசிக்க ஆள் இல்லை என்பதுதான் காரணம். 1941 ஜனவரி 15 அன்று ஜெர்மனியின் கெர்லிட்ஸ் போர்க்கைதி முகாமில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியன் அரங்கேற்றிய படைப்பும் அங்கே வாசிக்க ஆள் கிடைத்த வயலின், கிளாரினெட், செலோ, பியானோ ஆகியவற்றுக்குத்தான் எழுதப்பட்டது.

அரங்கேற்ற நாளில் காலையிலிருந்தே மழை. ஈரத்தில் இரண்டாவது வயலினின் பிரடை ஊதி இறுகிப்போய்த் திரும்ப மறுத்தது. சாம்பிராணிச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் காய்ச்சினோம். ஒரு பக்கம் தப்பும் மறுபக்கம் வயலினும் தீக்காய்ந்துகொண்டிருந்த அந்தக் காட்சியைப் படம் எடுக்காமல் விட்டேனே என்று இன்னும் வருந்துகிறேன். வந்திருந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். பெரட்டு அடி தொடங்கியதும் முதிய பெண்கள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், பிறகு சிரிக்கவில்லை. தகரக் கூரையில் மழை கூடிய ஓரிடத்தில் எங்கள் யாருடைய ஒலியும் கேட்கவில்லை. எட்டாவது நிமிடத்திலேயே மாமா குச்சிகளைத் தாழ்த்திவிட்டார்.

அம்மா முதல் வாங்கில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். வீட்டுக்கு நடக்கும் வழியில் குடைக்குள் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. படிக்கட்டில் ஏறும்போதுதான் சொன்னார்:

“அந்தப் பெரிய பிடில் எந்திரிக்கப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. நீதான் படுத்தே கெடந்த.”

அந்தக் காலைகளில் நான் விழித்துக்கிடந்தது அவருக்குத் தெரியும் என்பதை அன்றுவரை நான் அறிந்திருக்கவில்லை.

அடுத்த வாசிப்பைத் தை மாதத்தில் வைத்திருக்கிறோம். மாசி பிறந்தால் தோட்டங்களில் தப்பு முழங்க ஆடும் காமன் கூத்து தொடங்கிவிடும், மாமா கைக்குக் கிடைக்க மாட்டார். செலோவின் தொடரை ஒரே ஒருமுறை உச்சிவரை ஏற விடுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாமாவுக்கு இருப்பது வேறு கவலை. “தை வெயில்ல தோலு லேசில ஆறாது தம்பி, அரை மணித்தியாலம் இழுக்கும், ஒங்க கை தாங்குமா?” என்று நேற்றும் கேட்டார்.