ஈரக்காற்றும் சோடியம் சல்ஃபைடும்

ஒளியை உறிஞ்சி நீரிலிருந்து ஹைட்ரஜனை வெளிவிடச் செய்யும் ஒளிவினையூக்கி காட்மியம் சல்ஃபைடு. அந்தப் பொடி செய்வது பெரிய வேலையில்லை. அதன் மேல் ஒளி பட்டு வரும் ஹைட்ரஜன் கணக்கை நம்புவதுதான் பெரிய வேலை.

முதலில் பொடி. 100 மில்லி டெஃப்ளான் ஆட்டோகிளேவில் (அழுத்தம் தாங்கும் மூடிய கலன்) 70 மில்லி எத்திலீன்டையமின், 1.33 கிராம் காட்மியம் அசிட்டேட் டைஹைட்ரேட், 1.14 கிராம் தையோயூரியா. 160 டிகிரியில் 24 மணி நேரம். தானாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். தண்ணீரிலும் எத்தனாலிலும் மாறி மாறிக் கழுவி, 60 டிகிரியில் வெற்றிட அவனில் உலர்த்துங்கள். முழுமையாக வந்தால் 0.72 கிராம் கிடைக்கும். கழுவுவதில் சோம்பல் கூடாது. பரப்பில் ஒட்டியிருக்கும் எத்திலீன்டையமின் வினையைக் கெடுக்கும்.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் இல்மனைட் கனிமத்திலிருந்து டைட்டானியம் டையாக்சைடு எடுக்கலாமே, பிறகு எதற்கு நச்சுள்ள காட்மியம் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் டைட்டானியம் டையாக்சைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானைக் கிளப்ப ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட், ஆகவே புற ஊதாவை மட்டுமே உறிஞ்சும். காட்மியம் சல்ஃபைடுக்கு 2.4தான், கண்ணுக்குத் தெரியும் ஒளியே போதும்.

இனிதான் சிக்கல். ஒளி பட்டு எலக்ட்ரான் கிளம்பியதும் அது விட்டுப்போன நேர்மின் வெற்றிடங்களான துளைகள் பொடியின் சல்ஃபைடையே ஆக்சிஜனேற்றம் செய்து அரித்துவிடும். அதைத் தடுக்க 0.35 மோலார் சோடியம் சல்ஃபைடு, 0.25 மோலார் சோடியம் சல்ஃபைட் (சல்ஃபைடு அல்ல, ஆக்சிஜனும் சேர்ந்த வேறு உப்பு) கலந்த கரைசல் பயன்படுகிறது. 100 மில்லிக்கு, ஒன்பது நீர் கொண்ட சல்ஃபைடு 8.41 கிராம், சல்ஃபைட் 3.15 கிராம். துளைகளால் உருவாகும் டைசல்ஃபைடு மஞ்சளாக நின்று ஒளியை மறைக்கும், எலக்ட்ரானையும் பிடுங்கும். சல்ஃபைட் அதைத் தையோசல்ஃபேட்டாக மாற்றிவிடுகிறது.

நம்மூரில் ஆனி ஆடியிலும் ஐப்பசியிலும் வீசும் ஈரக்காற்றில் அந்த 8.41 கிராமை நம்பக்கூடாது. குப்பியைத் திறந்து வைத்தால் நிறமற்ற படிகம் பிசுபிசுத்துக் கூழாகிறது. தராசில் நிற்பதில் ஒரு பங்கு ஈரம், ஒரு பங்கு காற்றில் ஆக்சிஜனேற்றமாகிப் போனது.

ஆகவே கரைசலில் உண்மையில் எவ்வளவு சல்ஃபைடு இருக்கிறது என்று அளந்துவிட வேண்டும். சல்ஃபைட் சேர்க்கும் முன்பே 1 மில்லி எடுத்து, துத்தநாக அசிட்டேட் விட்டு வீழ்படிவாக்கி, வடிகட்டிக் கழுவுங்கள். 0.05 மோலார் அயோடின் 10 மில்லியும் அமிலமும் இருக்கும் குடுவைக்குள் அதைப் போட்டு மூடுங்கள். இந்த வரிசை முக்கியம். வீழ்படிவின் மேல் நேராக அமிலம் விட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பிப் போய்விடும். மிச்ச அயோடினுக்கு 0.1 மோலார் தையோசல்ஃபேட் 3.0 மில்லி போனால் கரைசல் சரி. 4.0 மில்லி போனால் அது 0.30 மோலார்தான்.

பிறகு சல்ஃபைட்டும் சேர்த்த கரைசலில் 50 மில்லிகிராம் பொடியைக் கலக்கி, அரை மணி நேரம் ஆர்கானை ஓடவிட்டு, 420 நானோமீட்டருக்குக் கீழான ஒளியைத் தடுக்கும் வடிப்பானுடன் ஒளியூட்டுங்கள். இருட்டில் ஒரு தடவை, பொடியில்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்க்காத அளவு என்னைப் பொறுத்தவரை அளவே இல்லை. வந்த ஹைட்ரஜனுக்கு விலை கொடுத்தது சல்ஃபைடு, ஆகவே இதை முழு நீர்ப்பிளப்பு (நீர் மட்டுமே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவது) என்று எழுதவும் கூடாது.

கழிவைக் காட்மியம் என்று எழுதிய தனிக் கேனில் காரமாகவே வையுங்கள். அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும் என்பதால், அமிலக் கழிவுக் கேன் பக்கத்தில்கூட அது போகக் கூடாது.