மண்ணில் நட்ட சுவர்

அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையை ஒட்டிய செயின்ட் ஜெனவீவ் கவுன்டிக்குப் போனால் அமூரூ வீட்டுச் சுவரைக் கட்டாயம் பாருங்கள். 1792-ல் பிரெஞ்சுக் குடியேறிகள் கட்டியது. அஸ்திவாரமே கிடையாது! சீடர் (cedar) மரத் தூண்களை நெருக்கமாக மண்ணில் நட்டு, இடைவெளியை அடைத்து, மேலே சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள்.

இந்த மாதிரி வீடு முதலில் உளுத்துப்போவது தரைமட்டத்தில்தான். மண்ணுக்குள் ஆழத்தில் காற்று குறைவு, மேலே மரம் காய்ந்துவிடும். ஈரமும் காற்றும் சேரும் அந்த ஒரு சாண் உயரத்தில் பூஞ்சை பிடிக்கும். அகலமான தாழ்வாரக் கூரைதான் சாரல் சுவரடியில் விழாமல் காக்கிறது. அதைக் குறைத்தால் வீடே போச்சு.

பழுதுபார்க்கும்போது தயவுசெய்து சிமென்ட் வேண்டாம். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் மரத்தைத் தின்றுவிடும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போதும். வெயிலில் சட்டென்று காய்ந்து வெடிக்காமலிருக்க ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள்.