ஒரு சிலபஸ் தாளுக்காக ஓடிய ஓட்டம்

கல்லூரியில் நான்கு துறைப் பாடங்களைக் கலந்து படிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது. அதற்காகத்தான் எழுதுகிறேன். விஷயம் நேற்றுதான் முடிந்தது.

எனக்கு முதன்மைப் பாடம் சமூக அறிவியல். அதோடு புள்ளியியல், வணிகம், வரலாறு ஆகிய துறைகளிலிருந்தும் பாடங்கள் சேர்த்துக்கொண்டேன். பதிவு செய்ததில் ஒரு சிக்கலும் இல்லை. இணையத்தில் தேர்ந்தெடுத்தேன், கட்டணம் கட்டினேன், வகுப்புக்குப் போனேன். ஏழாவது வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. முதலாண்டில் நான் தேறிய வணிகப் புள்ளியியலும், இப்போது படித்துக்கொண்டிருக்கும் புள்ளியியல் அறிமுகமும் ஒரே பாடமாம். முதலில் தேறியதற்கு மட்டும்தான் கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி, உண்டாம். முறையிடுவதென்றால் 10 வேலை நாட்களுக்குள் முறையிட வேண்டுமாம்.

4 கிரெடிட் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் அடுத்த செமஸ்டரில் ரெக்ரஷன் (ஒரு அளவு மற்ற அளவுகளைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று கணிக்கும் முறை) படிக்க, புள்ளியியல் துறையின் அறிமுகப் பாடம்தான் முன்தேவை. வணிகத் துறையின் பாடத்தை அதற்கு ஏற்க மாட்டார்கள். கிரெடிட் கொடுக்காமலிருக்க இரண்டும் ஒன்று, முன்தேவை என்று வந்தால் இரண்டும் வேறு! இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை.

முதலில் வணிகத் துறை அலுவலகத்துக்குப் போனேன். "அது புள்ளியியல்காரங்க சொல்ல வேண்டியது, அங்க போய்க் கேளுங்க" என்றார்கள். புள்ளியியல் துறையிலோ, கிரெடிட் விவகாரமெல்லாம் பதிவாளர் அலுவலகம் பார்ப்பது என்று அனுப்பிவிட்டார்கள். பதிவாளர் அலுவலகத்தில் இருந்த கிளார்க் என் விண்ணப்பத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாரவாரியான சிலபஸ் வேணும். நீங்க படிச்ச வருஷத்தோடது. துறை முத்திரையோட" என்று மூன்று துண்டாகச் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார். இது எந்த அறிவிப்பிலும் இல்லை, மின்னஞ்சலிலும் இல்லை. 2 நாள் போனது.

வணிகத் துறையின் இணையதளத்தில் இருந்தது இந்த ஆண்டு சிலபஸ். நான் படித்த பிறகு பாடத்தை மாற்றியிருக்கிறார்கள். புதிய வடிவத்தைக் கொடுத்திருந்தால் என் வாதமே விழுந்திருக்கும், ஏனென்றால் அதில் நிகழ்தகவுப் பகுதியைக் கூட்டியிருந்தார்கள். பழையது துறை அலுவலகத்திலும் இல்லை. கடைசியில் முதலாண்டின் முதல் வாரம் ஆசிரியர் வகுப்புக்கே அனுப்பிய மின்னஞ்சலில் அது இணைப்பாக இருந்தது. நல்ல வேளை, அழிக்காமல் வைத்திருந்தேன். அதை அச்செடுத்துக்கொண்டு முத்திரைக்குப் போனால் துறைத்தலைவர் விடுப்பில். இன்னும் 2 நாள். போவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

என்னைக் காப்பாற்றியது புள்ளியியல் பேராசிரியை. "மேடம், இரண்டும் ஒன்றில்லை என்று எப்படிக் காட்டுவது?" என்று கேட்டேன். தலைப்புகளை மட்டும் பார்க்காதே, ஒவ்வொரு வாரமும் மாணவனை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று எழுது என்றார். அன்று இரவே 14 வாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினேன். வணிகப் புள்ளியியலில் பாதிக்கு மேல் விலைக் குறியீட்டெண்களும் காலத்தொடர் வரிசையும்தான். அடிப்படை ஆண்டின் அளவுகளை எடையாக வைக்கும் லாஸ்பியர் முறை, நடப்பு ஆண்டின் அளவுகளை வைக்கும் பாசி முறை, இப்படி. புள்ளியியல் அறிமுகத்தில் இவை எதுவுமே கிடையாது. அங்கே நிகழ்தகவு, பரவல்கள், மைய எல்லைத் தேற்றம், கருதுகோள் சோதனை. தலைப்பளவில் பொதுவாக இருந்தது 4 வாரம். அதிலும் சிறிய மாதிரியின் சராசரியைச் சோதிக்கும் டி சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள்: 1908-ல் கோசெட் என்பவர் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டது. வணிகத்தில் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை எடுக்கச் சொன்னார்கள். இங்கே சிறிய மாதிரியில் இயல்நிலைப் பரவல் ஏன் போதாது என்பதிலிருந்து தொடங்கினார்கள். இந்த ஒரு வரிதான் முறையீட்டைப் பரிசீலித்த குழுவில் எடுபட்டது என்று பிறகு மேடம் சொன்னார்.

இவ்வளவு தொல்லைக்கு ஏன் நான்கு துறை என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கு என் பதில் ஒரு உதாரணம். 1936 அமெரிக்கத் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு, யாருக்கு ஓட்டு என்று கேட்டுச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, லாண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். இதே செய்தி ஒரே செமஸ்டரில் மூன்று வகுப்பில் வந்தது. புள்ளியியலில் பதில் அனுப்பாதவர்களைப் பற்றிப் பேசினோம். வரலாற்றில், 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் யாரிடம் இருந்தன என்று கேட்டார்கள், ஏனென்றால் முகவரிகளில் பெரும்பகுதி அந்தப் பட்டியல்களிலிருந்து எடுத்தவை. வணிகத்தில் சந்தை ஆய்வுக்கு முகவரிப் பட்டியல் வாங்கும்போது எதைச் சரிபார்ப்பது என்று போனது பேச்சு. ஒரே துறைக்குள் இருந்திருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. முடிவு வரும் முன்பே பயந்துபோய்ப் பாடத்தை விட்டுவிடாதீர்கள். பல இடங்களில் தொடக்க வாரங்களுக்குள் விட்டால் மதிப்பெண் பட்டியலில் தடமே இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் 'விலகினார்' என்று பதிவாகிவிடும். நான் ஏழாவது வாரத்தில் விடப் பார்த்தேன், தோழி ஒருத்தி தடுத்தாள். இன்னொன்று, வாசிப்பு அதிகமுள்ள வரலாற்றுப் பாடத்தையும் சமூக அறிவியல் கோட்பாட்டுப் பாடத்தையும் ஒரே செமஸ்டரில் போடாதீர்கள். இரண்டு கட்டுரைக்கும் கெடு ஒரே வாரத்தில் வந்து நிற்கும்.

ஒன்பதாம் நாள் விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கேட்டேன். "அதெல்லாம் வேண்டாம்" என்றார் கிளார்க். நகரவில்லை, வாங்கிவிட்டுத்தான் வந்தேன். மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் வரவில்லை என்றபோது அந்தச் சீட்டைத்தான் காட்டினேன். அரைமணி நேரத்தில் கோப்பு கிடைத்துவிட்டது.

நேற்று 4 கிரெடிட்டும் பட்டியலில் ஏறியது, ரெக்ரஷனுக்கும் பதிவு செய்துவிட்டேன். சரி என்று வீட்டுக்குக் கிளம்பியவன் பாதி வழியில் திரும்பிப் போய், இதுவரை படித்த மற்ற எல்லாப் பாடங்களின் சிலபஸிலும் துறை முத்திரை வாங்கிவந்தேன்.