ஓட்டை தையலில், காரணம் சாயத்தில்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே இடத்தில் உருவாவது அபூர்வம். நூல் ஒரு மில்லிலிருந்து வரும். துணி ஓட்டுவது ஒரு நிட்டிங் கம்பெனி, சாயம் போடுவது வேறொருவர், துணியை அழுத்திச் சுருக்கம் குறைக்கும் காம்பாக்டிங் இன்னொருவர். வெட்டித் தைத்து, செக்கிங் முடித்துப் பெட்டி போடுவது எங்கள் வேலை. எவர் கையில் தவறு நடந்தாலும் அது வெளிப்படுவது எங்கள் கூடத்தில். பழியும் முதலில் இங்கேதான் விழும். தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு.

அந்த ஆர்டர் கருநீல டி-ஷர்ட், சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள (150 ஜிஎஸ்எம்) சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணி. பெட்டிகள் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய வாரம். வாங்குபவர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் 200 பீஸ் எடுத்தார். 3,201 முதல் 10,000 பீஸ் வரையுள்ள லாட்டுக்கு ஏக்யூஎல் அட்டவணை (எத்தனை பீஸ் பார்ப்பது, எத்தனை குறை வரை ஏற்பது என்பதற்கானது) சொல்லும் வழக்கமான எண்ணிக்கை அது. 2.5 அளவுகோலில் பெரிய குறை 10 வரை பாஸ். 11 வந்தால் ஃபெயில். பாதிகூடப் பார்த்து முடிப்பதற்குள் 11 தாண்டிவிட்டது. தோள் தையலை ஒட்டி, குண்டூசி முனை அளவு ஓட்டைகள். நீடில் கட் என்போம்.

"மொத்தத்தையும் மறுபடி செக்கிங் போடுங்கள்" என்றார் முதலாளி. எல்லாரும் செய்வது அதுதான். செக்கிங் பெண்கள் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்தார்கள். கருநீலத் துணியில் இந்த ஓட்டை சும்மா பார்த்தால் தெரியாது. தையலை இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் பாதி அறுந்த இழை கண்ணுக்குச் சிக்காது. வாங்கியவர் வீட்டில் முதல் முறை துவைத்தபோதுதான் பிளக்கும். இந்த வகைக் குறையை மேஜையில் வடிகட்டிவிடலாம் என்று நம்புவது ஓவர்டைம் கூலிக்குக் கேடு.

அடுத்த குற்றவாளி டைலர். ஊசி மழுங்கியிருக்கும் என்றார்கள். எல்லா ஓவர்லாக் மிஷினிலும் உருண்டை முனையுள்ள மெல்லிய ஊசி மாட்டினோம். ஓட்டை குறைந்தது, நிற்கவில்லை. அப்போது எனக்கு ஒரு சந்தேகம்: ஒரே டைலர், ஒரே மிஷின், வெட்டிய துண்டுகளின் கட்டு ஒன்றில் ஓட்டை, அடுத்த கட்டில் ஒன்றுமில்லை. அப்படியானால் மாறுவது துணிதானே?

கட்டு எந்த ரோலிலிருந்து வந்தது என்று தேடினால், கட்டுச் சீட்டில் சைஸும் கலரும் மட்டும்தான் இருந்தன. துணி விரித்து வெட்டிய கணக்கு எழுதும் கட்டிங் மாஸ்டரின் லே நோட்டையும் துணி இறக்கிய டெலிவரி சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ராத்திரி முழுக்கப் பொருத்தினோம். ஓட்டை விழுந்த கட்டுகளில் பெரும்பாலானவை ஒரே சாய லாட், அதாவது ஒன்றாகச் சாயம் போட்ட துணி.

மிச்சத் துணியில் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு வெட்டி, நூல் கோக்காத ஊசியால் தையல் ஓட்டி, இரு பக்கமும் இழுத்துப் பார்த்தேன். மற்ற லாட்டுகளில் ஊசி போன தடம் மட்டும். அந்த லாட்டில் வரிசையாகக் கண் திறந்தது. கையில் தடவினாலே மொரமொரப்பு. மென்மை இருந்தால் ஊசி வரும்போது இழை விலகிக் கொடுக்கும். வறண்ட இழை விலகாமல் அறுந்துபோகும்.

சாயப்பட்டறை மேலாளர் முதலில் மறுத்தார். பேசப் பேச உண்மை வந்தது: நிறம் (ஷேடு) சேராததால் அந்த லாட்டை மறுபடி சாயம் போட்டிருக்கிறார்கள், அவசரத்தில் துணியை மென்மையாக்கும் கடைசி சாஃப்ட்னர் பாத் ஒழுங்காக நடக்கவில்லை. அவர்மேல் எனக்கு முழுக் கோபம் வரவில்லை. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011-இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விட முடியாது. துணியை ஒரு முறை கூடுதலாக நனைத்தாலும் அந்தத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவு அவர்கள் தலையில்தான்.

வெட்டாத துணி சாஃப்ட்னருக்குத் திரும்பிப் போனது. தைத்து முடித்த பீஸ்களைத் துவைக்கக் கொடுத்தோம். அளவு சுருங்குமோ என்ற பயம் இருந்தது, அனுமதித்த வித்தியாசத்துக்குள் (டாலரன்ஸ்) நின்றது. மறைந்திருந்த ஓட்டைகள் துவைப்பில் வாய் திறந்தன. இப்போது செக்கிங் மேஜை தன் வேலையைச் செய்தது. கழிந்தவை உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டைக்கு செகண்ட்ஸாக, குறையுள்ள சரக்காக, போயின. மறு இன்ஸ்பெக்ஷன் பாஸ்.

இப்போது ரோலில் ஒட்டிய லாட் எண் லே நோட்டுக்கும் கட்டுச் சீட்டுக்கும் ஏறுகிறது. வெட்டும் முன் லாட்டுக்கு ஒரு ஊசிச் சோதனை. "துணியை விரித்து ஆறப்போடவே இடமில்லை, இதில் பரீட்சை வேறா?" என்று கட்டிங் மாஸ்டர் முனகினார், செய்கிறார். பெரிய தகராறு டைலர்களிடம் வந்தது. ஓட்டை கண்டால் மிஷினை நிறுத்தச் சொன்னோம். பீஸ் ரேட்டில் தைப்பவர் நிறுத்தினால் சனிக்கிழமைச் சம்பளம் குறையும், யார் நிறுத்துவார்? நின்ற நேரத்துக்கு ஷிப்ட் கணக்கில் கூலி என்று முதலாளியை ஒப்புக்கொள்ள வைக்க, ஓட்டையின் காரணத்தைக் கண்டுபிடித்ததைவிட அதிக நாள் ஆனது. நஷ்டத்தைக் கேட்டுப் பட்டறைக்குப் போட்ட டெபிட் நோட்டில் பாதிக்கு இசைந்திருக்கிறார்கள். மீதிக்குப் பேச்சு நடக்கிறது.