ஆயிரத்தில் பதினைந்து

இன்ஜினுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றியதும் தெரிந்தது. திறந்து மூடித் தீப்பொறி எழுப்பும் பாயிண்ட்டின் ஒரு முனையில் சின்னக் குழி. எதிர் முனையில் ஒரு மேடு.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் 1967 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் பிறந்த வண்டி. போன சர்வீஸுக்கு அப்புறம் 3000 மைல் ஓடிவிட்டது, பார்த்துவிடலாம் என்று கூப்பிட்டார்.

புது பாயிண்ட் மாட்டி, இடைவெளியில் அதை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டார். 0.015 அங்குலம்.

தகடு தொட்டும் தொடாமலும் நழுவ வேண்டும். கண்ணை நம்பாதே, விரலுக்குத்தான் தெரியும் என்றார். நானும் நழுவவிட்டுப் பார்த்தேன். உண்மைதான்.

பாயிண்ட்டைத் திறக்கும் கேமில் கடுகளவு கிரீஸ். மேலே சுழலும் ரோட்டருக்கு அடியில் இரண்டே சொட்டு ஆயில். கூடினால் பாயிண்ட்டில் பட்டுக் கருகி, தீப்பொறி சோர்ந்துவிடும்.

அப்புறம் இன்ஜின் ஆயில், 20டபிள்யூ-50. இன்றைய மெல்லிய ஆயில் இதற்கு ஆகாது. இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் கேமும் டாப்பெட்டும் அழுந்தி உரசும் இடத்தைக் காக்க, துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு கலந்த ஆயில் வேண்டும்.

ஸ்டார்ட் செய்தோம். ஆயில் பிரஷர் முள் சில நொடி அசையவே இல்லை. புது ஃபில்டர் நிறையும்வரை அப்படித்தான் என்று தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மெல்ல ஏறி, சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டைத் தொட்டது.

நம்மூர் அம்பாசிடரில் ஓடிய 1489 சிசி இன்ஜினும் இதே பி-சீரிஸ் குடும்பம்தான். அந்தச் சத்தம் கேட்டதும் சின்ன வயதில் ஏறிய வாடகைக் கார்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

எத்தனை வருடமானாலும் கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பெரிய மரியாதையாகப் படுகிறது.

நோட்டில் இன்றைய தேதியை எழுதிக்கொண்டார். அடுத்த முறை கேஜை நான்தான் பிடிக்க வேண்டுமாம்.