எத்தனை கட்டை?

முதல் நாள் அவர் எனக்கு இடது கையைத்தான் நீட்டினார். நம் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் அது உறுத்தும், எனக்கும் உறுத்தியது. கம்பிக் கதவைத் தள்ளுவதும் தண்ணீர் வாளியைத் தூக்குவதும்கூட அவருக்கு இடது கையாலேயே நடந்தன என்பதைக் கவனித்த பிறகுதான், வலது கை நகங்களைக் காப்பாற்றுவதற்காகத் தம் உடம்பின் பழக்கத்தையே அவர் மாற்றிக்கொண்டிருக்கிறார் என்பது புரிந்தது. தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசை மரபில் கிதார் வாசிப்பவருக்கு அந்த நகங்கள்தாம் சோறு போடுகின்றன.

பார்சலோனாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், ஒரு செப்டம்பரில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஃபோர்மென்டேராத் தீவில் 18 நாட்கள் தங்கியிருந்தேன். ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் ஒன்றான அதன் பரப்பு ஏறத்தாழ 83 சதுர கிலோமீட்டர்தான். விமான நிலையம் கிடையாது; இபிஸாவிலிருந்து படகேறினால் அரை மணி நேரத்தில் லா சவீனா துறைமுகத்தில் இறங்கலாம். சான் ஃபெர்ரான் என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் எனக்கு அறை கிடைத்தது. அதே வீட்டுக்குப் பின்னால், முன்பு கலப்பையும் கூடைகளும் வைத்திருந்த கொட்டகையில் அவர் குடியிருந்தார். அந்தத் தீவில் கூடாரம் அடித்துத் தங்க அனுமதியில்லை. வெளியூர் வண்டிகளைக் கோடையில் கொண்டுவருவதற்கு 2019 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. வாடகையோ கோடை வந்துவிட்டால் சாதாரண உழைப்பாளியின் கைக்கு எட்டாது. ஆகவே ஊர் ஊராகத் திரியும் கலைஞர் ஒருவருக்குக் கொட்டகை கிடைத்ததே பெரிய காரியம். வாசலில் ஓர் அத்திமரம். அந்தத் தீவில் அத்திமரத்தை உயரமாக வளர விடுவதில்லை. கிளைகளைப் பக்கவாட்டில் படரவிட்டுச் சுற்றிலும் கம்புகளை முட்டுக்கொடுத்து நிறுத்துகிறார்கள். ஆலமரமும் விழுதுகளும் நினைவுக்கு வரும் அந்த நிழலில், வீட்டுக்காரம்மாவின் செம்மறியாடுகளோடு அவரும் உட்கார்ந்து காலையில் கிதார் பழகுவார்.

பழகுவதற்கு முன்னால் நகம். கண்ணாடி அரத்தால் ஒவ்வொரு நகத்தையும் தேய்த்து, நம் ஊர் ஃபெவிக்விக் போன்ற பசையை மேலே தடவி, காய்ந்ததும் மறுபடி தேய்ப்பார். அதன் பிறகு கிதாரில் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜுக்கு அருகே கம்பிகளுக்கு அடியில் ஒரு துணியைச் செருகி, சத்தம் வெளியே போகாமல் ஒரு மணி நேரம் வாசிப்பார். அது சைப்ரஸ் மரத்தால் செய்த கிதார். ரோஸ்வுட் கிதாரைவிட எடை குறைவு. நாதம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். ஈரக்காற்று வீசும் நாளில் பலகை உப்பிக் கம்பிகள் மேலெழும்பிவிடும் என்பதால், ஜன்னலைச் சாத்துவதா திறப்பதா என்று தினமும் வீட்டுக்காரம்மாவிடம் காற்றின் திசையைக் கேட்டுக்கொள்வார். காற்று பலமானால் படகும் நிற்கும். படகு நின்றால் அன்று பயணிகள் இல்லை, வருமானமும் இல்லை. நாடோடி வாழ்க்கை என்று நாம் ஏக்கத்தோடு சொல்லும் வாழ்க்கை அப்படி நாள், கிழமை, காற்று பார்த்துத்தான் நடந்தது. புதனும் ஞாயிறும் லா மோலா மேட்டில் கைவினைஞர் சந்தை. கிதாரை முதுகில் கட்டிக்கொண்டு அவ்வளவு ஏற்றமும் சைக்கிள் மிதிப்பார். மற்ற நாட்களில் கடற்கரை உணவகங்கள். அக்டோபரில் சந்தை முடிந்ததும் தென் ஸ்பெயினில் இருக்கும் சொந்த ஊரான ஹெரெஸுக்குத் திரும்புவார்; பிப்ரவரி இறுதியில் அங்கு தொடங்கும் ஃபிளமெங்கோ விழாவுக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களின் நடன வகுப்புகளில் வாசித்துவிட்டு, மே மாதம் மீண்டும் படகேறுவார்.

உணவகங்களில் அவர் வாசித்தது பெரும்பாலும் ரும்பா என்ற துள்ளலான வகை. புகழ்பெற்ற ஃபிளமெங்கோ கிதார் கலைஞர் பாகோ தெ லூசியா 1973இல் வெளியிட்ட 'என்ட்ரே தோஸ் அகுவாஸ்' என்ற உருப்படியை ஓர் இரவில் 4 முறை வாசித்ததை நானே எண்ணியிருக்கிறேன். ஓர் உணவக முதலாளி, வாசிப்பு நடுவே வந்து, மேசையில் இருப்பவர்கள் பேசிக்கொள்ள முடியவில்லை என்று சொல்லிப் பாதியில் நிறுத்தினார். இவர் சிரித்துக்கொண்டே கிதாரைப் பெட்டியில் வைத்தார். எனக்குத்தான் அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

அவருடைய உண்மையான குறை கூலியைப் பற்றியதோ மரியாதையைப் பற்றியதோ அன்று என்பதை அத்திமர நிழலில்தான் தெரிந்துகொண்டேன். வெளியுலகம் கிதாரைத்தான் ஃபிளமெங்கோ என்று நினைக்கிறது. அந்த மரபில் பிறந்தவர்களுக்கோ பாட்டுதான் முதல், கிதார் அதற்குப் பக்கவாத்தியம். சொலேஆ என்ற வகையை எனக்கு வாசித்துக் காட்டினார். 12 எண்ணிக்கை கொண்ட சுற்று. 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அடி விழும். அவர்கள் அந்தத் தாளச் சுற்றைக் கொம்பாஸ் என்கிறார்கள். ஸ்வரங்கள் தோடியில் இறங்குவது போல மத்யமத்திலிருந்து இறங்கி வந்து, ஷட்ஜத்தில் முடியும் இடத்தில் மட்டும் அந்தர காந்தாரம் சேர்ந்து ஒலிக்கும்போது, என் காது அதை வகுளாபரணம் என்று சொன்னது. இரண்டு சுற்று வாசித்துவிட்டு நிறுத்தி, "இந்த இடத்தில் ஒருவர் பாட வேண்டும்" என்றார். மேலும் இரண்டு சுற்று வாசித்து, அதே போல் நிறுத்தினார். பாடகர் மூச்சு வாங்கும் இடம், இழுக்கும் இடம், திடீரென்று விட்டுவிடும் இடம் ஆகியவற்றைப் பார்த்துப் பதில் சொல்வதுதான் தன் தொழில் என்றும், ஆள் இல்லாமல் வாசிப்பது தொலைபேசியில் ஒரு பக்கம் மட்டும் பேசுவது போன்றது என்றும் சொன்னார். தீவுக்காரர்கள் காடலான் பேசுகிறவர்கள். சிறு முரசும் குழலும் கையில் தட்டும் பெரிய மரத் தாளக் கட்டைகளும் கொண்ட அவர்களுடைய ஆட்டமும் இசையும் முற்றிலும் வேறு. சொலேஆவுக்குப் பாட்டு அங்கு எங்கே கிடைக்கும்?

அது ஓர் உணவகத்தின் சமையலறையில் கிடைத்தது. காதிஸ் மாகாணத்திலிருந்து கோடை வேலைக்கு வந்திருந்த சமையற்காரர் ஒருவர், வாரத்தில் ஓர் இரவு, கடைசி மேசை எழுந்த பிறகு பாடுவாராம். என் விடுப்பு முடியும் முன் ஒரு செவ்வாய் இரவில் கிதார்க்காரர் என்னையும் அங்கே கூட்டிப்போனார். மணி 1 தாண்டியிருந்தது. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், மீன் வாடையும் சோப்பு வாடையும் கலந்திருந்தன. சமையற்காரர் ஏப்ரனைக் கழற்றாமல் எவர்சில்வர் மேசையில் சாய்ந்து, விரல் முட்டியால் தட்டத் தொடங்கினார். கிதாரில் செஹியா என்ற சிறு மரக் கவ்வி உண்டு. கழுத்தின் எந்தக் கட்டத்தில் அதை மாட்டுகிறோமோ அதற்கேற்பச் ஸ்ருதி ஏறும். நான் பார்த்த வரையில் அது 2ஆம் கட்டத்தை விட்டு நகர்ந்ததே இல்லை. இப்போது அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சமையற்காரரைப் பார்த்து ஏதோ கேட்டார். நம் கச்சேரிகளில் பாடுபவரின் ஸ்ருதி அறிய "எத்தனை கட்டை?" என்று கேட்பதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. "அஞ்சு" என்றார் அவர்.

செஹியா 5க்கு ஏறியது. சமையற்காரருக்குக் குரல் கரகரத்தது. மேலே போகும்போது உடைந்தது. உடைந்த இடத்திலெல்லாம் கிதார் ஒரு கணம் காத்திருந்து, பிறகு தாங்கியது. பகலில் ஒரு நகத்துக்கு அஞ்சி வாளியைக்கூட வலது கையால் தொடாதவர், விரல்களைச் சிதறவிட்டு அவ்வளவு பலமாகக் கம்பிகளில் இறங்கியதை நான் அதற்கு முன் பார்க்கவில்லை. மேசையில் தட்டிய விரல் முட்டி நின்ற பிறகும் யாரும் கை தட்டவில்லை. பாத்திரம் கழுவும் பையன் மட்டும் குழாயை மூடிவிட்டு நின்றிருந்தான்.

மறுநாள் புதன்கிழமை. அத்திமரத்தடியில் அவர் மோதிர விரலைப் பிடித்தபடி, பிங்பாங் பந்து ஒன்றிலிருந்து நக அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டிருந்தார். பசை காய்வதற்குள் சந்தைக்கு நேரமாகிவிடும் என்று சொல்லி, கிதார்ப் பெட்டியைத் தூக்கித் தம் முதுகில் மாட்டிவிடும்படி என்னிடம் சொன்னார்.